அந்தோனியாரோடை கோவம்

செலஸ்ரீனாவுக்கு,

திருவாளர் அலோசியஸ் லிபெர்த்தாத் தெருவில் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். நேற்றுமுதல் மனைவியோடு கதைப்பதில்லை என்று அவர் முடிவெடுத்திருப்பதால் இந்தச் சீட்டு.

நண்டுக்கறி அடுப்பில் இருக்கிறது. மத்தியானம் வெற்றிக் கிண்ணத்தோடு வரும் உன் தம்பி றெஜிக்குப் போடு. கிண்ணத்தை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைக்க விடாதே.

நேற்றைய கோயில் கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் எங்கள் மன்னார் அணிக்கு ஐந்து ஓட்டம் தேவைப்பட்டது. அடித்த பந்து பற்றைக்குள் போனது. பந்து கிடைக்கும்வரை ஓடலாம் என்பது இங்கத்தைய சட்டம். மூன்று ஓடி முடிய, றெஜி பற்றைக்குள் கையை விட்டான். பந்து கையோடு வந்தது. உங்கள் ஊர் தீவுப் பெடியள் வென்றார்கள்.

மன்னார் வெல்ல வேண்டுமென்று காலையில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவர் இதே அலோசியஸ்தான். தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுப்பதுதான் அந்தோனியாரின் வேலை என்பது அந்த மடையருக்கு அப்போது ஓடவில்லை. நீ எழும்பி நின்று கைதட்டியது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பி.கு.: இஞ்சரப்பா, என்ரை வீட்டுத் திறப்பைக் காணேல்லை, பின்னேரம் வந்து கதவு திறக்க வழியில்லை. அந்தோனியாரோடை நான் கோவம். நீ ஒருக்காக் கேட்டுப் பார்.