சாமி அறையில் ஈரப் பாவாடை

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால், நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தப் பக்கம் கேட்கிறதா? கேட்டால் கொஞ்சம் திட்டிவிட்டுப் போங்கள். திட்டு வாங்குகிற காரியம்தான் செய்திருக்கிறேன்.

கிள்ளானில் வருஷக் கடைசி மழை. மத்தியானமானால் கொட்டுகிறது, ஒரு துணி காய மாட்டேன் என்கிறது. நீங்கள் ஹாலில் கட்டிய நைலான் கயிறு நிறையத் துணி, மேலே ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது. "இது வீடா, பாசார் மாலாமா?" என்று கேட்பீர்களே, அதே ராத்திரிச் சந்தைக் கோலம். சனிக்கிழமை நம் செல்வி, டோபிக் கடை மிஷினில் போட்டுக் காய வைத்து எடுத்து வருகிறேன் என்று கூடையைத் தூக்கினாள். கண்டவர் துணி சுற்றிய மிஷினில் நம் துணியா என்று நான்தான் பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள், சுங்கை பூலோவிலிருந்து. பையன் அவளோடு வேலை செய்கிறவன், அவளே விரும்பியவன். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், ரோட்டில் தண்ணீர் ஏறிவிடுமோ என்று பயந்து மத்தியானமே வாசலில் வந்து நிற்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கயிற்றில் இருந்ததை அள்ளினேன். படுக்கையறைக்குள் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். கதவைச் சாத்தி வைக்கச் சாமி அறைதான் தோன்றியது. அங்கே படம் மாட்டிய ஆணியில் எல்லாம் தொங்கவிட்டுச் சாத்தினேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் பழத்தட்டை முதலில் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? இது தெரியாதவளா நான்? பையனின் அம்மா தட்டோடு நேரே போய்க் கதவைத் திறந்தார். முருகன் முகத்தை மறைத்துக்கொண்டு என் பாவாடை.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எல்லாம் இவ வேலைதாங்க. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டா."

செல்வி பின்னால் காப்பியோடு நின்றிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாரி ஆன்டி, நான் எடுத்துடறேன்" என்று என் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், பாவி. கேசரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று உபசாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த அம்மா போன் செய்தார். பிடித்திருக்கிறதாம், தை பிறந்ததும் பேசலாமாம். வைக்கும்போது சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்குக் கொஞ்சம் பொறுப்பு மட்டும் சொல்லிக் கொடுங்க லா" என்றார். அதற்கும் சரி என்றேன். இனி அந்த வீட்டில் ஒரு துணி ஈரமாகக் கிடந்தாலும் இந்தப் பேச்சுத்தானே அவளுக்குக் கிடைக்கும்?

அவள் என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் தாங்கவில்லை. இன்று காலை அந்தப் பாவாடையை அயர்ன் போட்டே காய வைத்து, மடித்து என் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அதைத் தொடவே கூசுகிறது.

நீங்கள் ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செல்வி அம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். அந்தப் பேருக்கு இந்த நிமிஷம் எனக்கு யோக்கியதை இல்லை. பேனாவை வைத்துவிட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்யப் போகிறேன். பாவாடையும் என்னுடையது, தொங்கவிட்ட கையும் என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று சொல்வேன். அதைச் சொல்லிவிட்டு வந்துதான் கீழே கையெழுத்துப் போடுவேன். உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
செல்வி அம்மா