லொறிச் சத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காத்து. விடிந்ததிலிருந்து வாய்க்குள் மண். வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தே கை ஓய்ந்தது.

கிரான் மில் முதலாளியின் சாமான் வந்து இறங்கியது. ஏலத்தில் எடுத்தாராம். போனில் 'லொறி' என்றுதான் சொன்னார். லொறியாம் லொறி! பவல். அந்தக் காலத்தில் ஆமி ஏறித் திரிந்த இரும்புப் பெட்டி. சேசிஸ், இஞ்சின், டயர் எல்லாம் சாதாரண லொறியினுடையது. எந்தக் கடையிலும் சாமான் வாங்கலாம். அதற்கு மேல் தடித்த இரும்பில் ஒரு கூடு. கூட்டின் அடி தோணி மாதிரி ஒடுங்கியிருக்கிறது, கண்ணிவெடி வெடித்தால் பக்கத்தால் போகட்டும் என்று. கூட்டை வெட்டி எறிந்துவிட்டு நெல் ஏற்றத் தட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சிறுபோக அறுவடை முடிய முதல்.

கொண்டுவந்தவர் மில்லின் டிரைவர் சீனித்தம்பி (இனி சீ.த. என்றே எழுதுவேன், கை நோகிறது). வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஐயா, இதிர சட்டையக் கழட்டினா எங்கட லொறிதான்" என்றார்.

என் மனுசி யோகம் வாசலுக்கு வந்து பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள். மத்தியானம் மீன்குழம்பில் உப்பு வாரிக் கொட்டிக் கிடந்தது. கத்தினேன்.

அவளுடைய அண்ணன் தவத்தை வெல்லாவெளி வீட்டில் வைத்து ஏற்றிப்போனது இப்படி ஒன்றில்தான். திரும்பி வரவில்லை. எங்கள் கலியாணத்துக்கு முந்திய கதை. வேலையை ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. என் போர்த்துக்கீச வம்சத்தை இழுத்து, பறங்கி மண்டை என்று அவள் ஏசுவது சரிதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். காத்து விடவில்லை.

பற்றறி இரவல் கேட்க. டீசல் டாங்கி கழுவ. கேஸ் சிலிண்டர் (வருகிறேன் என்ற ஆளைக் காணோம்). முழங்காலுக்கு எண்ணெய்.

கூட்டுக்குள் ஏறிப் பார்த்தேன். நடுவில் இருக்கைகள், முதுகோடு முதுகு முட்ட, இரண்டு பக்கச் சுவரையும் பார்த்தபடி. யன்னல் கண்ணாடி செங்கல் தடிப்பு, பச்சை நிறம். அதால் பார்த்தால் எங்கள் வளவு தண்ணீருக்குள் கிடப்பது போல. யோகம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அவள் நேரே இந்தக் கண்ணாடியைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இறங்கி வந்து கேட்டால், "நீங்க எங்க கூப்பிட்டீங்க?" என்கிறாள்.

உச்சி வெயிலில் கூட்டுக்குள் தட்டும் சத்தம். சூட்டில் இரும்பு விரியும், எனக்குத் தெரியாதா? இந்த வேலையிலேயே தலை நரைத்தவன். ஆனால் விரியும் இரும்பு அங்கங்கே தட்டும். இது ஒரே இடத்தில் தட்டுகிறது. பின்கதவடியில், உள்பக்கமாக.

டைகர் வளவுக்குள் வரமாட்டேன் என்கிறது. வேலிக்கு அங்கால் கொண்டுபோய்ச் சோறு வைத்தேன். நாய்க்குக்கூட நான்தான் வேலைக்காரன்.

ஆகஸ்ட் 6, புதன்

பற்றறி கிடைத்தது. இஞ்சின் முதல் அடியிலேயே பிடித்தது. எத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற சாமான்! சீ.த. கை தட்டினார். எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை.

யோகம் குசினியிலிருந்து ஓடிவந்தாள். கையில் அரிசி ஒட்டியபடி. "நிப்பாட்டுங்க!"

நிப்பாட்டினேன். அவள் அப்படியே நின்றாள், தலையைச் சரித்துக்கொண்டு.

"இன்னும் ஓடுதே."

"இல்ல புள்ள. சாவி என்ட கையில இரிக்கி, பாரு."

"ஓடுது."

பொழுதுபட வாவிப் பக்கமாகக் கதிரை போட்டு இருந்தோம். தானாகவே சொன்னாள். இத்தனை வருஷத்தில் 'அண்ணனக் கொண்டுபோயிட்டானுகள்' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

அந்த நாளில் வீட்டுக்கே அவளுடைய காதுதான் காவலாம். பழைய பவலின் உறுமல் வேறு. அரை மைலுக்கு அங்கால் கேட்டாலும் சொல்லிவிடுவாளாம். தவம் எழும்பிப் பின்னால் வயல்வட்டைக்குள் ஓடி, நெல்லுக்குள் குப்புறப் படுத்துவிடுவான். அவள் சொன்னது ஒரு நாளும் பிழை போனதில்லை. மறுகா இந்தப் புது மாதிரி வந்தது. லொறியின் மேல் கூடு வைத்தது. சத்தமும் லொறிச் சத்தம். அண்டைக்குப் பின்னேரம் தவம் சாப்பிட இருந்தான். "என்ன சத்தம்?" என்று கேட்டான். "நெல்லு லொறி" என்று இவள் சொன்னாள். அது வந்து வாசலில் நின்றது.

"என்ட வாயாலதான் போனான்" என்றாள்.

ஒரே இஞ்சின் புள்ள, மெக்கானிக் எனக்கே பிரித்துச் சொல்ல ஏலாது, நீ என்ன செய்வாய் என்று என்னென்னவோ சொன்னேன். கேட்ட மாதிரித் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேஸ் இன்னும் வரவில்லை. அந்த ஆளுக்கு வாயில் வந்ததெல்லாம் ஏசினேன்.

கூட்டுக்குள் தூசியில் வெறுங்கால் அடிகள். சின்னக் கால். யோகம்தான், செருப்பு பின்கதவடியில் கிடந்தது. நான் தூங்கும் மத்தியான நேரத்தில் ஏறி இருக்கிறாள் போல. பக்கத்தில் இன்னொரு கால் அடியும் இருந்தது. பெரியது, அதுவும் வெறுங்கால். சீ.த.வைக் கேட்டேன். "நான் ஏன் ஐயா அதுக்குள்ள ஏறுறன்? என்ட கழுத்த வெட்டினாலும் ஏறமாட்டன்." பொய்யன். வேறு யாராக இருக்கும்?

இருக்கையில் ஒரு தட்டுச் சோறு. மூடி வைத்தது. பாதி சாப்பிட்டிருந்தது.

குசினிக்குள் போய்க் கத்தினேன். "உனக்கென்ன விசரா?"

"அவன் திண்டு முடிக்கல்லயே" என்றாள். அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன். இரும்புக்கு அல்ல, இவளுக்காகப் பயம். கையைவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் பூசை. மனம் அதில் இல்லை. பாதர் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்டால் அடித்துக் கொன்றாலும் தெரியாது.

மாலை. காத்து திடீரென்று விழுந்துவிட்டது. வாவியில் ஒரு அசைவில்லை. ஒழுங்கையில் ஒரு வாகனம் வரும் சத்தம். "மில் லொறி போல" என்று சொல்ல வாயெடுத்தேன். யோகம் என் வாயைப் பொத்தினாள். கை பனி போலக் குளிர். சத்தம் ஒழுங்கையில் மேடாக இருக்கும் மதகடிக்கு வந்தது, மதகு ஏறியது, எங்கள் படலைக்கு நேரே வந்து நின்றது. ஓடிப்போய்ப் படலையைத் திறந்தேன்.

ஒழுங்கையில் ஒன்றும் இல்லை. மண்ணில் தடமும் இல்லை. பவல் வளவில் நின்ற இடத்தில் நிற்கிறது. பற்றறி வெள்ளிக்கிழமையிலிருந்து என் கட்டிலுக்கடியில்.

நானும் கேட்டேன். அவள் மட்டும் கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்காவது கூட்டிப்போகலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு யோசனை. இவள் பிழையில்லை என்று இவளுடைய காதாலேயே காட்ட வேண்டும். கூட்டை வெட்டினால் பிறகு காட்ட ஏலாது. நாளைக்கே. சீ.த.வை மில் லொறியோடு வரச் சொன்னேன், வெறும் லொறியாக. ஏன் என்று கேட்டார். சொன்னேன். "ஓம் ஐயா, வாறன்" என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செய்தோம்.

யோகம் குசினியில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். முன்னால் சுளகு. வாகனம் ஒவ்வொரு தரம் படலையைத் தாண்டும்போதும், லொறி என்றால் ஒரு செத்தல் மிளகாய், பவல் என்றால் ஒரு வெங்காயம், வரிசையாக வைக்க வேண்டும். நான் பவலில், சீ.த. லொறியில். வாவிக்கரையிலிருந்து மதகு ஏறி றோட்டு வரைக்கும், மாறி மாறி, நாங்கள் முன்னமே பேசிவைத்த ஒழுங்கில். அயலெல்லாம் வேலியில். "பறங்கி ஐயாக்கு முத்திப்போச்சு" என்று யாரோ சொன்னதும் கேட்டது. கேட்கட்டும்.

அதை ஓட்டுவது பிடிக்கவில்லை. பின்னால் ஆட்கள் இருப்பது போலப் பாரம். மதகில் அந்தப் பாரம் முதுகில் வந்து இடிக்கிறது. கண்ணாடியில் பின்னால் பார்க்காமலே ஓட்டினேன்.

முடித்து ஓடிவந்து சுளகைப் பார்த்தேன். அத்தனையும் பிழை! லொறி போனதற்கெல்லாம் வெங்காயம், பவல் போனதற்கெல்லாம் மிளகாய். சந்தோஷத்தில் அவளைத் தூக்கிவிட்டேன், முழங்காலையும் மறந்து.

"பாத்தியா புள்ள! ஆராலயும் ஏலாது! உன்னில ஒரு பிழையும் இல்ல!"

"ஓம்" என்று சிரித்தாள். சீ.த. கண்ணைத் துடைத்தார். இறால் பொரித்துத் தந்தாள், உப்பும் அளவு. டைகர்கூடப் படலை வரைக்கும் வந்தது.

மாலையில் ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கேஸ் வந்தது. காலையிலேயே வெட்டத் தொடங்கினேன். தடித்த இரும்பு, இலேசில் விடுகிறதில்லை. பின்கதவுப் பக்கம் பாதி வந்திருக்கும். வெட்டும்போது கண் மட்டும்தான் வேலை செய்யும், மண்டை எங்கேயாவது திரியும். அப்போதுதான் உறைத்தது.

பிரிக்கத் தெரியாதவள் குருட்டாம்போக்கில் வைத்தாலும் பாதியாவது சரி வந்திருக்கும். ஒன்றுகூடச் சரியில்லை. எல்லாவற்றையும் பிழையாக வைக்க வேண்டுமென்றால், எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டரை அணைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"லொறி மதகில ஒரே இழுவையில ஏறும்" என்றாள். "இதுக்குப் பாரம். மதகடியில கியரக் குறைக்கும். எங்கட வீட்டடியிலயும் ஒரு மதகு இரிந்த."

"அண்டைக்கும் தெரியுமா?"

சட்டியை இறக்கி வைத்தாள்.

"ரெண்டு நாளா வட்டைக்குள்ள கிடந்தவன். உடம்பெல்லாம் அட்டை. அப்பதான் முதல் வாய் வெச்சான். எத்தின தரம் நேரா போயிரிக்கி, இதும் போயிரும் எண்டு நினைச்சன். ரெண்டு வாய் திண்டிட்டு எழும்பட்டும் எண்டுதான் சொன்னன். தெரிஞ்சுதான் சொன்னன்."

தன் அம்மாவிடமும், தெரியாமல் சொன்னேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அம்மா அதை நம்பித்தான் செத்தாராம்.

"நேத்து ஏன் புள்ள மாத்தி வெச்ச?"

"நீங்க அவ்வளவு பாடுபட்டீங்க. உங்கட மனசு ஆறட்டும் எண்டு."

நிலத்தில் இருந்துவிட்டேன். கையெல்லாம் கரி. அவளே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். ஒவ்வொரு வாயாக விழுங்கினேன். அவள் என்னோடு சாப்பிட இருக்கவில்லை. கதவடியில் போய், ஒழுங்கைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, நான் கடைசி வாய் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றாள்.