இருபத்துநாலு ஓட்டை

5 ஒக்ரோபர் 1996, சனி

சிவபாதம் மாஸ்ரர் சாதி பார்க்கிறார். அதுவும் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு.

கீதன் அண்ணாவைக் கூட்டிவர அவருடைய வகுப்புக்குப் போயிருந்தேன். அண்ணாவின் மிருதங்க அரங்கேற்றத்துக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. சுருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் அண்ணா கடைப் பிளாஸ்ரிக் பையில் வைத்திருந்தார். “நான் தோலில ஒரு சுருக்குப் பை செய்து தாறன்” என்றேன். மாஸ்ரர் முகத்தைச் சுளித்தார்.

“தோல் வேலையோ பிள்ளை? எங்கட ஆக்கள் உது செய்யிறேல்லை. மேடைக்குக் கொண்டு வந்திடாதேங்கோ.”

அப்போ மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் என்ன, வாழையிலையா? அண்ணா தலையாட்டிக்கொண்டு நின்றார். கட்டாயம் செய்வேன்.

8 ஒக்ரோபர்

ரெக்ஸ்டேலில் நான் தோல் ஜக்கெற்றுக்கு உள்துணி தைக்கிற தொழிற்சாலையில், தோல் வெட்டுகிறவர் றொபேட் அண்ணை. மன்னார்க்காரர். கழிவுத் துண்டு கேட்டேன்.

“சுருக்குப் பையோ? ஒரு வட்டம், சுத்திவர ஓட்டை, கோத்து இழுக்க ஒரு வார். தையலே இல்லை, தங்கச்சி. குழந்தைப்பிள்ளையும் செய்யும்.”

10 ஒக்ரோபர்

சோற்றுக் கோப்பையைத் தோலில் கவிழ்த்து வைத்து வட்டம் கீறினேன்.

“உந்தக் கோப்பையில இனி ஆர் தின்னிறது?” என்றார் அண்ணா.

“நீங்கள்தான்.”

ஆணியும் சுத்தியலுமாக ஓட்டை போட்டேன். கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தார். நான் பதிலுக்கு இரண்டு அடி. அவர் மூன்று. அண்ணா சிரித்துச் சிரித்துத் தொடையில் தாளம் போட்டார்.

11 ஒக்ரோபர்

படுதோல்வி. இருபத்துமூன்று ஓட்டை. வாரின் ஒரு முனை வெளியே, மற்றது உள்ளே. இழுத்தால் வாய் கோணுகிறது. இன்னும் இழுத்தேன் — கிழிந்தது.

“ஓட்டை இரட்டையா இருக்கவேணும் எண்டு சொன்னனானல்லோ?” என்றார் றொபேட் அண்ணை.

“சொல்லேல்லை!”

“அப்ப இப்ப சொல்லுறன்.”

குழந்தைப்பிள்ளை செய்யுமாம்.

13 ஒக்ரோபர்

புதுத் துண்டில் முதலில் சோக்கால் இருபத்துநாலு புள்ளி. பிறகு ஓட்டை. வாரை மேலே கீழே கோத்து, இரண்டு முனையையும் வெளியே எடுத்து இழுத்தேன். மூடியது! காரணமே இல்லாமல் பத்துத் தரம் திறந்து மூடினேன்.

20 ஒக்ரோபர்

“வடிவாத்தான் இருக்கு. வீட்டில வைச்சிருக்கிறன்” என்கிறார் அண்ணா.

“வீட்டிலயோ? பயந்தாங்கொள்ளி!” என்று கத்திவிட்டேன்.

“அவர்தானடி என்னை மேடையேத்திறவர்.”

பகல் முழுக்க வேலையில் பெட்டி தூக்கிவிட்டு ஆறு வருடமாக வகுப்புக்கு ஓடியவர். மேடை அவருடையது. சண்டை என்னுடையது. அதை ஏன் அவர் மடியில் கட்டுகிறேன்? ஆனால் மாஸ்ரர் சொன்னது பிழை. பிழைதான்.

25 ஒக்ரோபர்

பையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வேட்டி மட்டும் அயன் பண்ணிக் கொடுத்தேன்.

26 ஒக்ரோபர், சனி

பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. அண்ணா மேடையில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து எதையோ அவிழ்த்தார். என்னுடைய பை! எல்லாரும் பார்க்க வாரை இழுத்துத் திறந்து, கல்லை எடுத்து, சுருதி சேர்த்தார். முன்வரிசையில் மாஸ்ரர் அசையவில்லை. தனி ஆவர்த்தனத்தில் அண்ணா வெளுத்து வாங்கினார். நான் விசில் அடித்தேன். அடித்தால் என்ன?

முடிந்ததும் மாஸ்ரரிடம் நாலு கேள்வி கேட்க மேடைக்குப் பின்னால் ஓடினேன். அண்ணா எனக்கு முன்னமே அங்கே நின்றார். மாஸ்ரரின் காலில் விழுந்து எழும்பி, பையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“தங்கச்சி செய்தது, மாஸ்ரர். ஒருக்காக் கையில எடுத்துப் பாருங்கோ.”

மாஸ்ரர் பையைப் பார்த்தார். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தார். அண்ணா கையை மடக்கவில்லை.

“எடுங்கோ, மாஸ்ரர்.”