கண்ணாடிக்குள் ஓடிய வள்ளம்

விளக்குக் கரியைக் குழைத்துப் பெட்டியின் உட்புறம் இரண்டாம் தடவை பூசிக்கொண்டிருக்கிறேன். விரலெல்லாம் கறுப்பு, மூக்கிலும் கொஞ்சம். அந்த வாசம் வந்ததுமே உங்களோடு பேச வேண்டும்போல் ஆகிவிட்டது. ஆமாம், இந்தக் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நம்ம கண்ணாடிப் பெட்டிதான். நீங்கள் கண்ணை மூடியதும் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தீர்களாக்கும்!

பாம்பனுக்குப் போட்டோ ஸ்டூடியோ வேலைக்கு நீங்கள் வந்த புதிதில் இதுதான் உங்கள் பொழுதுபோக்கு. கறுத்த பெட்டிக்குள் ரசம் பூசாத ஒரு கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துவீர்கள். ஓரத்துத் தடுப்புக்குள் ஒளித்துவைத்த சின்னப் பொம்மைமேல் சிம்னி விளக்கு வெளிச்சம் பட்டால், அதன் பிம்பம் கண்ணாடியில் விழும். முன்னால் நின்று பார்ப்பவருக்குப் பொம்மை அந்தரத்தில் மிதக்கும். ஊரே வாயைப் பிளந்தது. வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் நடத்திய என் அய்யா மட்டும், "நம்மளப்போல கோயிலுக்கு வாற வேதக்காரப் பிள்ளைதான், இல்லேங்கல. ஆனா உள்நாட்டு அபிராமத்துக்காரனுக்குக் கடல் தெரியாது. கண்ணாடிய வச்சு விளையாடுறவனுக்குப் பொண்ணா?" என்று இழுத்துக்கொண்டிருந்தார். தங்கச்சிமடத்திலிருந்து வேறு மாப்பிள்ளை பேசி வந்திருந்த நேரம். எனக்கோ நீங்கள்தான் வேண்டும்.

அவர் மனசைக் கரைக்க, அந்த வருஷக் குடிலில் அவருடைய வள்ளத்தையே செய்து மிதக்கவிட்டீர்கள். அதே நீலக் கோடு, அதே ஒட்டுப்போட்ட பாய். கண்ணாடிக்குப் பின்னால், காற்றில் சாய்ந்த தென்னைகளை வரைந்த படம். பூசை முடிந்து வந்த அய்யா குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, தென்னை இங்கிட்டுச் சாயுது, பாய் அங்கிட்டுப் புடைக்குது. ரெண்டு காத்தா அடிக்கும்? என் வள்ளத்தைக் கவுக்கப் பாக்குறியா?"

நல்ல நாளும் அதுவுமாகத் தன் வள்ளம் கவிழப்போவதை ஊருக்கே காட்டினால் எந்தக் கடல்காரருக்குப் பொறுக்கும்? கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. நீங்கள் பொம்மையைச் சரியாகத்தான் செய்திருந்தீர்கள். கண்ணாடி அதை இடவலமாகப் புரட்டிவிட்டது. பின்னாலிருந்த தென்னையைப் புரட்டவில்லை. காற்றுத் தெரியாத உங்கள் கண்ணுக்கு அது தப்பாகவே படவில்லை. எனக்கு அழுகை அழுகையாய் வந்தது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். தைரியம்தான்! "பாயை நீங்களே மாத்திக் கட்டுங்க" என்று அய்யா முன்னால் வைத்தீர்கள். அவர் அவிழ்த்துத் தன் கைப்பழக்கத்தில் கட்டினார். கண்ணாடியில் மறுபடியும் அதே கோணல். திரும்ப அவிழ்த்தார், கை பழைய பக்கமே போனது. நான் சிரித்துவிட்டேன்.

"என்னாத்தா இளிப்பு? நீ கட்டு, பாப்பம்!"

கண்ணாடியைப் பார்த்தே தலை பின்னிப் பழகியவள் நான். விறுவிறுவென்று வந்து, அய்யா கண்ணெதிரேயே உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் சிம்னியைப் பிடிக்க, தடுப்புக்குள் கையை விட்டு, கையைப் பார்க்காமல் பிம்பத்தை மட்டும் பார்த்து முடிச்சுப் போட்டேன். பாயும் தென்னையும் ஒரே காற்றுக்கு வந்தன.

அய்யா நெடுநேரம் குனிந்தே இருந்தார். "இப்ப ஓடும்" என்றார். பிறகு, "வெளிச்சத்த அவன் பிடிக்கணும், பாய நீ கட்டணும்போல. சரி, சாமியாரப் பாத்து கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிட்டு வாரேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார்.

அப்புறம் எத்தனை குடில்கள்! பாலத்தில் போகும் ரயில், வெள்ளை இறக்கையோடு பறக்கும் சம்மனசு, ஒரு வருஷம் கடல்பசுகூட. எப்போதும் நீங்கள் விளக்கோடு ஓரத்தில், நான் முன்னால். "தெரியுதா?" என்பீர்கள். "தெரியுது, தெரியுது" என்பேன்.

இப்போது சிம்னிக்குப் பதில் செல்போன் வெளிச்சம். நேற்று சோதித்துப் பார்க்க மருமகளை முன்னால் உட்காரவைத்துவிட்டு, முதல் முறையாக உங்கள் இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மிதக்கிற பொம்மை தெரியவே இல்லை. பார்க்கிறவள் முகம்தான் தெரிகிறது, அப்படியே மலர்ந்துபோய். பாவி மனுஷா, இத்தனை வருஷமும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது என்னையா?

இனிமேல் அந்த இடம் எனக்குத்தான். யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.