இழுக்கும் கால்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

அக்கா மகள் அனுப்பிய, நடையை எண்ணும் கருவிக்கு இன்று ராக்கெட் விடும் விஞ்ஞானியைப் போலப் பேட்டரி போட்டேன். வாதத்தில் வலக்கால் விழுந்த என் மனைவி முன்பு நடந்த நடைக்கு அதில் அடிநீளம் பதித்து, அவள் இடுப்பில் மாட்டினேன்.

“நடட்டி ராணி. நீ மிதிக்கிற மிதியில எட்டயபுரம் வரைக்கும் கரிசல் வெடிக்கணும்.”

சுவரைப் பிடித்தபடி வாசல்வரை போய்த் திரும்பினாள். கருவியில் பூஜ்யம். காலைத் தூக்கி வைத்தால்தான் எண்ணுமாம், இழுத்தால் எண்ணாதாம். அவள் பார்க்குமுன் கழற்றி, முதுகுக்குப் பின்னால் வைத்து, எண் ஏறும்படி குலுக்கினேன்.

“ஏட்டி, இமயமலையையே தாண்டிட்ட.”

“குலுக்குத சத்தம் கேக்குது, அத்தான். நாளையிலருந்து எனக்கு இது வேண்டாம். நடையும் வேண்டாம்.”

கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தேன். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.