முனிராஜ் வண்டியின் பின்சக்கரங்கள்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
9-2-2025

அன்புள்ள காந்தாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, எதுவானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நான் எழுதியதில்லை. டாக்டர் சீட்டையே படிக்கிற நர்சம்மாவுக்கு என் கையெழுத்து பெரிய கஷ்டமாக இருக்காது.

போன ஜூலையில் உங்கள் எஸ்டேட் மருந்தகத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் அந்தச் செம்மண் மேட்டில் நம் வண்டி சறுக்கியதை நான் மறக்கவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். நம் வண்டியில் இன்ஜின் முன்சக்கரங்களை மட்டும்தான் சுற்றுகிறது. மேட்டில் ஏறும்போது பாரம் பின்னால் போய்விடும், முன்சக்கரத்துக்குப் பிடி இருக்காது. அதனால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிற மாதிரி மாற்றப்போகிறேன்.

ஆனேக்கல் பக்கம் ஒரு பழைய சாமான் யார்டில் நம் வண்டியின் இனத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி கிடக்கிறது. லாரி இடித்துப் பின்பக்கம் நசுங்கிப்போனாலும் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. பின்னால் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டியும் அதோடு சேர்ந்தே வருகிறது. பின் அச்சை மட்டும் ஒரு பழைய ஜீப்பிலிருந்து எடுத்துக்கொள்வேன். முன்னும் பின்னும் கியர் பல் கணக்கு ஒத்துவருகிறதா என்று கையால் சுற்றி எண்ணிப் பார்த்தாயிற்று. என் கராஜுக்குப் பக்கத்து வெல்டிங் கடை கில்பர்ட்டும் கூட இருக்கிறான்.

மழைக்கு முன்னால் முடித்துவிடுவேன். நீ பார்க்கத்தான் போகிறாய்.

உன்
முனிராஜ்


எஸ்டேட் மருந்தகம், சிக்கமகளூரு பக்கம்
22-2-2025

முனிராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் கியர்பாக்ஸ் இருந்தது, பல் கணக்கு இருந்தது. அன்று பிரசவ வலியோடு நம் வண்டியில் ஏறிய எல்லம்மாவைப் பற்றியும் அவள் பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிள்ளை நன்றாக இருக்கிறான். தவழ ஆரம்பித்து, என் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்கிறான்.

தப்பு முன்சக்கரத்தில் இல்லை. அன்றைக்குப் பத்தடி தூரத்தில் எஸ்டேட் டிராக்டர் நின்றது. வலி எடுத்தவளை அதில் ஏற்றுங்கள் என்று நான் நான்கு முறை சொன்னேன். "கொஞ்சம் இரு காந்தா, ஏறிடும்"னு சொல்லிச் சொல்லியே ஒரு மணி நேரம் ஓட்டினீர்கள். கடைசியில் பின்சீட்டிலேயே பிறந்தான், கழுத்தில் கொடி சுற்றி, அழாமல். அவன் அழுகிறவரைக்கும் எனக்கு உயிர் இல்லை. நீங்கள் அப்போதும் இறங்கி டயரைத்தான் பார்த்தீர்கள். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஜூன் மாதம் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. வேலையை விட்டுப் பெங்களூருக்கு வருவதா, இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு இங்கேயே தனியாக இருந்துவிடுவதா என்று யோசிக்கிறேன். இரண்டாவதுதான் நிம்மதியாகத் தோன்றுகிறது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடவும்.

காந்தா


ஜீவனஹள்ளி
30-3-2025

அன்புள்ள காந்தாவுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டிருந்தாய். பேங்க்கிலிருந்து வந்த நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். ஒரு மாதமாகப் பதில் எழுதத் தைரியம் வரவில்லை. இன்று ஒன்று நடந்தது, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வண்டி வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. விசையைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்டின் வழியில் பெட்ரோல் டேங்க் நின்றதால் அதைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தோம். ஷாஃப்ட் ஒரு ஓரமாக வருகிறது, ஜீப் அச்சில் அது சேர வேண்டிய வாய் மறு ஓரத்தில் இருக்கிறது. நான் அச்சைத் தலைகீழாகப் புரட்டி வைத்தேன், அளவெடுத்தாற்போல் இரண்டும் நேராக வந்துவிட்டன. கில்பர்ட் வேண்டாம் என்றான். ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்து போனால் போகட்டும், புரட்டாதே என்று இரண்டு நாள் சொன்னான். எனக்குத் தெரியும், நீ வெல்டிங்கைப் பார் என்று அவன் வாயை அடைத்தேன்.

இன்று காலை வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். முன்சக்கரம் முன்னால் சுற்றியது. அச்சைப் புரட்டியதால் பின்சக்கரம் பின்னால் சுற்றியது. தெருவே கூடிவிட்டது. கில்பர்ட் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "இன்னா குரு இது, முன்சக்கரம் ஒசூருக்குப் போவுது, பின்சக்கரம் வூட்டுக்குத் திரும்புது. நான் சொன்னது உன் காதுல வுழவே இல்லியா?" என்றான்.

அவன் கேட்டது நீ கேட்டது மாதிரியே இருந்தது. பதினைந்து வருஷ மெக்கானிக், கூட நிற்கிறவன் சொன்னதைக் கேட்காமல் இப்படிப் பண்ணிவிட்டேன். அன்றைக்கு நீ டிராக்டர் என்று சொன்னது என் காதில் விழுந்தது காந்தா. விழுந்தும் கேட்கவில்லை. என் வண்டி தோற்றுவிட்டது என்று ஊர் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. டயரைப் பார்த்தது பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்து. தப்பு என்னுடையது. எல்லம்மாவிடமும் சொல்.

நாளை அச்சைக் கழற்றி, கில்பர்ட் சொன்னபடி வைக்கப்போகிறேன்.

முனிராஜ்


எஸ்டேட் மருந்தகம்
12-4-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் தப்பு என்னுடையது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லம்மாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்சக்கரக் கதையைச் சொன்னபோது இரண்டு பேருமே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. அன்று அத்தனை பேருக்கு முன்னால் "இனி இந்தப் பக்கம் வராதீங்க"ன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு தூக்கமே இல்லை.

வண்டி முடிந்தால் கொண்டுவாருங்கள். மருந்தகத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். ஆனால் அதை நான்தான் ஓட்டுவேன். லைசன்ஸ் எடுத்து ஆறு வருஷமாயிற்று, நீங்கள் சாவியே கொடுத்ததில்லை. சம்மதம் என்றால் கொண்டுவந்து விடுங்கள். மாற்றிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

காந்தா


எஸ்டேட் மருந்தகம், உன் மேஜை
1-6-2025

அன்புள்ள காந்தாவுக்கு,

நீ தடுப்பூசி போடத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போயிருக்கிறாய் என்று எல்லம்மா சொன்னாள். வண்டி வாசலில் நிற்கிறது, சாவி இந்தக் காகிதத்தின் மேல். நேற்று மழை பெய்து மேடு முழுக்கச் சேறு. இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது தடவை பாதி மேட்டில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி எடுத்தேன். நான்கு சக்கரமும் பிடிக்கிறது. அனுமதிக் காகிதம் டேஷ்போர்டில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

சேற்றில் கிளம்பும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே, மெதுவாக விடு. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

கொண்டுவந்து விடுங்கள் என்றுதான் எழுதியிருந்தாய், இருங்கள் என்று எழுதவில்லை. அதனால் விட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போகிறேன். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

முனிராஜ்


எஸ்டேட் மருந்தகம்
11-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

சொன்னதைக் கேளுங்கள் என்றேன், இப்படி வார்த்தைக்கு வார்த்தையா கேட்பது? நான் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். எல்லம்மா தடுத்தும் நிற்காமல் போய்விட்டீர்களாம். உங்கள் மேல் வந்த கோபத்தில் அன்று சாயங்காலம் வண்டியைத் தொடவே இல்லை.

திங்கட்கிழமை தொட வேண்டியதாயிற்று. நல்ல மழையில் கீழ்லைனிலிருந்து ஒருத்தியை இரத்தப்போக்கோடு தூக்கி வந்தார்கள். பின்சீட்டில் படுக்க வைத்து நானே ஓட்டினேன். மேட்டில் நீங்கள் எழுதியபடி மெதுவாக விட்டேன், வண்டி ஒரே மூச்சில் ஏறியது. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கிலேயே தலையை வைத்து அழுதேன். பக்கத்தில் நீங்கள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அதான் அழுகை.

நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐந்து வருஷத்துக்கு. குவார்ட்டர்ஸ் தாளில் உடன் வசிப்பவர் யார் என்று கேட்டிருந்தது. உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் உங்கள் பேரை எழுதிவிட்டேன். கராஜை விடச் சொல்லவில்லை. வாரத்தில் நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்றாலும் எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டி எடுத்துக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு வருகிறேன். துணிப்பையோடு வாசலில் நில்லுங்கள். உங்கள் இடம் முன்சீட்டில், இடப்பக்கம்.

உங்கள்
காந்தா