நூறில் வைத்த அதிர்வு

என் செல்ல மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை. இரண்டு மாத வயிற்றெரிச்சல் இன்று தீர்ந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ விட்டுப்போன விமான விளையாட்டை நான் தையல் முடிந்ததும் ஆடுவது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரைச் சரிபார்க்கிறேன் என்று வந்த உன் சித்தப்பா, மறுநாள் எல்லோர் முன்னாலும் என்னை ஓட்டச் சொன்னார். ஜாய்ஸ்டிக் என் கையில் கிடந்து உதறியது, விமானம் தரையில் மோதியது. உடனே அவர், அண்ணிக்குக் கை நடுங்குது, இனிமே கார் ஓட்ட வேணாம் என்றார். உன் அப்பாவும் தம்பி பேச்சைக் கேட்டு என் கார் சாவியைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தைத்த துணியைக் கடையில் கொடுக்க நான் இரண்டு மாதமாகப் பஸ்ஸில் மூட்டை சுமக்கிறேன். பிறகுதான் விளையாட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் முப்பதில் வைத்திருந்த ஜாய்ஸ்டிக் அதிர்வு நூறில் நிற்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர்கள் இங்கே நானும் உன் சித்தப்பாவும்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு முப்பதாக்கிக்கொண்டு, நேற்று மறுபடி நூறாக்கி, இன்று குடும்பத்தோடு வந்தவரை உட்காரவைத்து, தம்பி நீங்க ஓட்டுங்க பார்ப்போம் என்றேன். விமானத்தின் மூக்கு வெடவெடவென்று ஆடிப் போய்த் தரையில் குத்தியது. தம்பிக்குக் கை நடுங்குது, இனிமே ஸ்கூல் வேன் ஓட்ட வேணாம் என்று அவர் சொன்ன அதே ராகத்தில் சொன்னேன். உன் சித்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்த நூறை எல்லோருக்கும் திறந்து காட்டினேன். சும்மா விளையாட்டுக்குப் பண்ணேன் அண்ணி என்று வழிந்தார். அப்பா சாவியை எடுத்து நீட்டினார். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

நேற்று இதுவரை எழுதி வைத்தேன். இன்று காலை ஆட உட்கார்ந்தால் ஜாய்ஸ்டிக் உயிரில்லாமல் தொங்குகிறது. மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். நேற்றுக் காலை தைத்த துணிக்கு இஸ்திரி போட ஜாய்ஸ்டிக்கின் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருக மறந்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியின் வயர் இன்னும் அதில்தான் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கின் வயரைச் செருகாவிட்டால் அதன் உள்ளே அதிர வைக்கும் மோட்டார் ஓடாது, விமானம் மட்டும் பறக்கும். நூறில் வைத்தாலும் அதிராது. நாலு தடவை செருகிப் பிடுங்கிப் பார்த்துவிட்டேன். தளர்ந்த குச்சி ஒரு பக்கம் சாயுமே தவிர தானாக நடுங்காது. நேற்று நடுங்கியது உன் சித்தப்பாவின் கை.

உடனே அவருக்குப் போன் பண்ணினேன். இன்னுமா அண்ணி கோபம் தீரலை, விட்டுடுங்க என்று சிரித்துக்கொண்டே வேனைக் கிளப்பினார். பிள்ளைகள் கத்துவது கேட்டது. அப்பாவிடம் சொன்னேன், போதும் உன் வஞ்சம் என்கிறார். நானே அந்த நூறைத் திறந்து காட்டினேனே, இனி யார் நம்புவார்கள். நீ சொன்னால் சித்தப்பா கேட்பார். உன் போன் அணைந்திருக்கிறது, அதனால்தான் இதை மெயிலில் அனுப்புகிறேன். படித்ததும் வேறு வேலை பார்க்காமல் அவரைக் கூப்பிடு, டாக்டரிடம் போகும்வரை வேனைத் தொடக்கூடாது என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மூன்றரை மணிக்குப் பள்ளி விடும், அதற்குள் கூப்பிடு.

உன் அம்மா